சாவியைக் கொடுத்த பிறகு...

ஹைதராபாத் ஆட்டோ நகரானாலும் சரி, சென்னை புதுப்பேட்டையானாலும் சரி, காட்சி ஒன்றுதான். காரைப் பட்டறையில் விடுகிறோம், சாவியைக் கொடுக்கிறோம், நீட்டப்படும் ஜாப் கார்டில் கையெழுத்திட்டுவிட்டு ஆட்டோ பிடித்து அலுவலகம் போகிறோம். அந்த அட்டையின் அடியில் பொடி எழுத்தில் "வாகனம் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்" என்கிற வாசகம் இருந்தால் அதைப் படிப்பவர் யார்? பிரேக் சரியாகிவிட்டதா என்று பார்ப்பதற்காகப் பட்டறை ஊழியர் காரைச் சாலைக்கு எடுத்துச் சென்று யார் மீதாவது மோதிவிட்டால், அப்போதுதான் அந்த வாசகத்தின் பொருள் நமக்கு உறைக்கும்.

அடிபட்டவருக்கு யார் இழப்பீடு தருவது என்கிற கேள்விக்கு உச்சநீதிமன்றம் 1988-லேயே விடை சொல்லிவிட்டது. கோவாவில் பழுதுபார்ப்பதற்காக விடப்பட்ட கார் ஒன்று மோதி ஒரு பெண் காயமடைந்த வழக்கு அது. பழுதுபார்ப்பவர் உரிமையாளரின் ஊழியர் அல்லர். தனியாகத் தொழில் செய்பவர். எனவே அவரது கவனக்குறைவுக்கு உரிமையாளர் பொறுப்பல்ல. உரிமையாளர் பொறுப்பல்ல என்றால் அவருக்குக் காப்பீடு அளித்த நிறுவனமும் பொறுப்பல்ல என்பதுதான் காப்பீட்டுத் தரப்பின் வாதம். கேட்பதற்கு நேர்த்தியான தர்க்கம்.

உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காப்பீடு இல்லாத வாகனத்தைப் பொது இடத்தில் பயன்படுத்தவோ, பிறரைப் பயன்படுத்த அனுமதிக்கவோ கூடாது என்றது அன்று நடைமுறையில் இருந்த 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு. மெக்கானிக்கிடம் சாவியைக் கொடுத்த கணமே காப்பீடு செல்லாமல் போகும் என்றால், பட்டறைக்கு வண்டியை விடும் ஒவ்வொரு உரிமையாளரும் சட்டத்தை மீறிய குற்றவாளி ஆகிவிடுவார். நாடாளுமன்றத்தின் நோக்கம் அதுவாக இருந்திருக்க முடியாது. ஆகவே மூன்றாம் நபருக்கான இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்தே தீர வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். 1988-ஆம் ஆண்டு சட்டத்தின் 146-ஆவது பிரிவிலும் அதே கட்டாயம் தொடர்கிறது. வண்டியை ஓட்டியவரிடம் உரிமம் இல்லாவிட்டாலும், அதில் உரிமையாளரின் தவறு இருப்பதை நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும் என்று 2004-ல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

சாலையில் அடிபட்டவருக்கு ஒருவழியாக நியாயம் கிடைத்துவிட்டது. ஆனால் நொறுங்கிய கார் யாருடைய கணக்கில் சேரும்?

சிக்கல் இங்குதான். சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டில், ஓட்டியவரிடம் செல்லத்தக்க உரிமம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பட்டறையில் எந்தப் பையன் வண்டியை எடுப்பான், அவனிடம் உரிமம் இருக்கிறதா என்பதெல்லாம் உரிமையாளருக்கு எப்படித் தெரியும்? அது போதாதென்று, 2002-ஆம் ஆண்டு மோட்டார் கட்டண விதிமுறையின்படி அமைந்த தனியார் கார் பாலிசி, "மோட்டார் தொழில் தொடர்பான எந்த நோக்கத்துக்கும்" வாகனத்தைப் பயன்படுத்துவதை விலக்கியது. வாடிக்கையாளரின் காரை மெக்கானிக் சோதித்துப் பார்ப்பது இந்த விலக்கில் அடங்குமா, அடங்காதா? பாலிசி வாய் திறக்கவில்லை. 2007-ல் கட்டணக் கட்டுப்பாடு விலக்கப்பட்ட பிறகும் அந்த வாசகத்தின் தடம் பாலிசிகளில் தொடர்ந்தது.

நிறுவனம் மறுக்காமல் பணம் கொடுத்துவிட்டால் மட்டும் பிரச்னை முடிந்துவிடுமா? பட்டறையின் தவறுக்காக உரிமையாளர் தன் பாலிசியில் இழப்பீடு கோரினால், பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த, 50% வரை உயரக்கூடிய "நோ கிளைம் போனஸ்" சலுகையை இழக்கிறார். தவறு ஒருவருடையது, தண்டம் மற்றொருவருக்கு!

பட்டறை உரிமையாளர்களைச் சட்டம் விட்டுவிடவில்லை என்பது உண்மை. ஒப்படைக்கப்பட்ட பொருளைத் தன் பொருளைப்போலவே கவனத்துடன் காக்க வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆவது பிரிவு. தில்லி தாஜ் மஹால் ஹோட்டலில் 1998-ல் ஊழியரிடம் சாவி ஒப்படைக்கப்பட்ட மாருதி ஜென் கார் திருடுபோன வழக்கில், "உரிமையாளரின் பொறுப்பில்" என்று சீட்டில் அச்சிட்டுவிட்டுக் கவனக்குறைவின் பொறுப்பிலிருந்து ஹோட்டல் நழுவ முடியாது என்று 2019 நவம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாவியை வாங்கிக்கொள்ளும் பட்டறைக்கும் இது பொருந்தும் என்பதே நமது கருத்து. ஆனால், அந்தத் தீர்ப்பு வர 21 ஆண்டுகள் ஆயின என்பதையும், வழக்கை நடத்தக் காப்பீட்டு நிறுவனம் துணைக்கு இருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. தனிநபர் எத்தனை ஆண்டுகள் நீதிமன்றப் படியேறுவார்?

கவனக்குறைவே இல்லாத இழப்பும் உண்டு. 2020 அக்டோபர் பெருமழையில் ஹைதராபாத் தெருக்களில் கார்கள் மிதந்தன. அத்தகைய வெள்ளத்தில் பட்டறையில் நிற்கும் வண்டி மூழ்கினால், உரிய கவனத்துடன் நடந்துகொண்ட பட்டறைக்காரர் சட்டப்படி பொறுப்பாளி ஆகமாட்டார். மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே எடுத்தவருக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது.

பட்டறை வளாகத்தில் நிற்கும் வாகனங்களுக்கும், அவற்றைச் சாலையில் ஓட்டிப் பார்ப்பதற்கும் பாதுகாப்பு தரும் தனிப் பாலிசிகள் மோட்டார் தொழிலுக்கென்று 2002-ஆம் ஆண்டு விதிமுறையிலேயே வகுக்கப்பட்டிருந்தன. பட்டறை வளாகத்துக்குள் நேரும் சேதத்துக்கான பாலிசியை எடுத்தாக வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. 2019-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது நாடாளுமன்ற விவாதம் பெரும்பாலும் அபராதத் தொகையையும் மாநில உரிமையையும் சுற்றியே அமைந்தது. காப்பீட்டு அத்தியாயம் முழுவதும் மாற்றி எழுதப்பட்ட அந்த நேரத்தில், பட்டறையில் நிற்கும் வண்டியைப் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

சட்டத் திருத்தத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. 2001-ல் தில்லியிலிருந்து ஹைதராபாதுக்கு இடம்பெயர்ந்து இப்போது கச்சிபௌலியில் இயங்கும் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் நினைத்தால் ஒரு சுற்றறிக்கையில் முடிகிற காரியம் இது. பழுதுபார்க்க விடப்பட்ட வாகனத்தை மெக்கானிக் ஓட்டுவது "மோட்டார் தொழில்" விலக்கில் அடங்காது என்று ஒவ்வொரு பாலிசியிலும் எழுதச் செய்ய வேண்டும். பட்டறையின் தவறால் கோரப்படும் இழப்பீட்டுக்காக உரிமையாளரின் போனஸைப் பறிக்கக் கூடாது. காப்பீட்டு நிறுவனங்கள் "கேஷ்லெஸ்" வசதிக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளும் பட்டறைகள் மோட்டார் தொழில் பாலிசி எடுத்திருப்பதை நிபந்தனையாக்கி, அந்தப் பாலிசியின் எண்ணை ஜாப் கார்டில் அச்சிட வைக்க வேண்டும், பொடி எழுத்தில் அல்ல.