கை மாறும் கடை, கை மாறாத உரிமம்

குச்சனூர், சின்னமனூர் வட்டாரத்தில் தோட்டத்து மோட்டார்களுக்கும் புது வீடுகளுக்கும் ஒயரிங் செய்துவரும் மின் ஒப்பந்ததாரர் ஒருவர் முதுமையால் தொழிலை விற்க முனைந்தால், கடையும் கருவிகளும் வாடிக்கையும் வாங்குபவரைச் சேரும், உரிமம் சேராது. மின் நிறுவல் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே, தகுதிச் சான்று (தேர்ச்சிக்கு அரசு அளிக்கும் அத்தாட்சி) பெற்றவரின் நேரடி மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையம் 2010இல் வகுத்து 2023இல் புதுப்பித்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின் நிபந்தனை. பல்பு, விசிறி, சுவிட்சு மாற்றுவது போன்ற சிறுவேலைகளுக்கே விலக்கு. தமிழகத்தில் உரிமம் அளிப்பது மின் உரிமம் வழங்கும் வாரியம்.

வாங்குபவர் தம் பெயரில் உரிமம் பெறும்வரை தொழில் முடங்குகிறது. ஜிஎஸ்டி பதிவும் புதிதாகவே பெறவேண்டும். அதோடு, 2017ஆம் ஆண்டு ஜிஎஸ்டி சட்டத்தின் 85ஆவது பிரிவு கைமாற்றத்துக்கு முந்தைய வரி நிலுவைக்கு விற்றவரையும் வாங்கியவரையும் கூட்டாகப் பொறுப்பாக்குவதால், விலை பேசுமுன் கணக்கேடுகளைப் புரட்டுவது நலம்.

தொழில் முடங்குகிறது என்பதற்காக, ஆடிச் சனிக்கிழமைகளில் குச்சனூர் சனீஸ்வரர் கோயிலில் திரளும் கூட்டத்தினூடே பந்தல் விளக்குக்குக் கம்பி இழுப்பவரின் தகுதியில் சலுகை காட்ட இயலாது. ஆனால் தேர்ச்சி மேற்பார்வையாளரிடம் இருப்பது, கடையின் உடைமையாளரிடம் அன்று. அதே மேற்பார்வையாளர் பணியில் நீடிப்பதை மாவட்ட மின் ஆய்வாளர் உறுதிசெய்தால், புதிய உரிமம் கிடைக்கும்வரை சில மாதங்களுக்கு இடைக்கால அனுமதியை வாரியம் வழங்கலாம். உரிமமற்றவர் பிறர் பெயரில் வேலை எடுக்கும் மறைமுக வழியைவிட அது பாதுகாப்பானது.