மொட்டை மாடி டேங்க்கும் அப்பாவி வாஷிங் மெஷினும்

வாஷிங் மெஷின் பாதியில் நின்றுபோனால் தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு சடங்கு நடக்கும். முதலில் மெஷின் மண்டையில் இரண்டு தட்டு. அப்புறம் ஆஃப் பண்ணி ஆன். அப்புறம் "அப்பவே சொன்னேன், இந்தக் கம்பெனி வேணாம்னு" என்று உள்ளே இருந்து ஒரு குரல். கடைசியில் கஸ்டமர் கேர். மெக்கானிக் செருப்பைக் கழற்றும்போதே விசிட்டிங் சார்ஜ் விழுந்துவிடும்.

இத்தனைக்கும் மெஷின் காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் நின்றிருக்கிறது. எல்ஜி மெஷினில் ஐ.இ. என்று வந்தால் தண்ணீர் உள்ளே வரவில்லை, ஓ.இ. என்றால் வெளியே போகவில்லை. சாம்சங்கில் அதே விஷயம் 4சி, 5சி (பழைய மாடல்களில் 4இ, 5இ). பெரும்பாலும் இவை வீட்டுக் குழாயைப் பற்றிய புகார்கள். ஆனால் புகார் கொடுக்க வந்தவனையே பிடித்து லாக்கப்பில் போடுகிற போலீஸ் ஸ்டேஷன் மாதிரி, ரிப்பேர் மட்டும் மெஷினுக்கு நடக்கிறது.

கணக்கைப் பார்க்கலாம். 10 மீட்டர் உயரத்தில் நிற்கும் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் சுமார் 1 பார். மெஷினோடு வரும் புத்தகத்தில், யாரும் படிக்காத கடைசிப் பக்கங்களில், குறைந்தபட்ச நீர் அழுத்தம் என்று 0.03 அல்லது 0.05 மெகா பாஸ்கல் போட்டிருக்கும். சிலவற்றில் 0.1. அதாவது குழாய்க்கு மேலே 3 மீட்டர், 5 மீட்டர், 10 மீட்டர் உயரத்தில் டேங்க் இருக்க வேண்டும். இப்போது ஒரு சாதாரண மூன்று மாடி அபார்ட்மென்ட்டின் மேல் வீட்டுக்குப் போகலாம். கூரை 10 அடி, மெஷின் குழாய் 4 அடி உயரத்தில், டேங்க் நிற்கிற மேடை மொட்டை மாடித் தரையிலிருந்து 2 அடி. ஆக மொத்தம் 8 அடி, 2.5 மீட்டருக்கும் கீழே. மேல் வீட்டில் ஐ.இ., இரண்டு மாடி கீழே அதே கடையில் வாங்கிய அதே மெஷின் ஜம்மென்று ஓடுகிறது. உடனே "நமக்கு வந்தது டிஃபெக்ட் பீஸ்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்!

"குழாயைத் திறந்தா நல்லாத்தானே கொட்டுது?" என்பார்கள். கொட்டும். ஆனால் மெஷினுக்குள் இருக்கிற இன்லெட் வால்வில் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. பெரும்பாலான மெஷின்களில் அதைத் தூக்கிவிடுவதே தண்ணீரின் அழுத்தம்தான். அழுத்தம் குறைந்தால் சவ்வு சரியாகத் திறக்காது. இன்னொரு கூத்து, 500 லிட்டர் டேங்க்கை எடுத்துவிட்டு 1000 லிட்டர் வைப்பது. தண்ணீர் கூடும், அழுத்தம் கூடாது. அழுத்தம் வருவது உயரத்திலிருந்து, லிட்டரிலிருந்து இல்லை. எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இருக்கிற சமாச்சாரம் இது. பரீட்சையில் இதற்கு மார்க் வாங்கிய இன்ஜினியர்கள்தான் பெரிய டேங்க் வாங்கிப் போடுகிறார்கள்.

அதற்கடுத்தது உப்பு. போர் தண்ணீர் ஓடும் வீடுகளில், மெஷின் பின்னால் ஹோஸ் மாட்டுகிற இடத்தில் இருக்கும் சின்ன சல்லடை சில மாதங்களில் வெள்ளையாகப் பூத்து அடைத்துவிடும். பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, ஹோஸைக் கழற்றி, கட்டிங் பிளேயரால் சல்லடையை மெதுவாக இழுத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்தால் பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் போர்டு மாற்றிய வீடுகள் எத்தனையோ. (சல்லடையைக் கழுவிக் காட்டி, "அடுத்த தடவை நீங்களே பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போகிற மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும்.)

தண்ணீர் வெளியேறும் கதை இன்னும் மோசம். ஃபிரன்ட் லோடில் பம்ப் இருக்கிறது, கழிவு ஹோஸ் நுனி தரையிலிருந்து 2, 3 அடி உயரத்தில் இருக்க வேண்டும். செமி ஆட்டோமேட்டிக்கிலும், பல டாப் லோடுகளிலும் பம்ப் கிடையாது, ஹோஸ் தரையோடு கிடக்க வேண்டும். பழைய டாப் லோடைக் கொடுத்துவிட்டு ஃபிரன்ட் லோடு வாங்கியவர், ஹோஸைப் பழையபடி பாத்ரூம் ஜாலிக்குள் திணித்துவிடுகிறார். பெட்ரோல் டேங்க்கில் டியூப் விட்டு உறிஞ்சுகிற அதே வித்தை இங்கே தானாக நடக்கிறது. உள்ளே வருகிற தண்ணீர் வந்த வேகத்தில் வெளியே போகிறது. மெஷின் நிரப்பிக்கொண்டே இருக்கும், நிரம்பவே நிரம்பாது, கடைசியில் தண்ணீர் வரவில்லை என்று கத்தும். டேங்க் காலியானது மிச்சம். தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் கழிவு ஹோஸ் நுனியை எட்டிப் பார்த்தால் குட்டு வெளியாகிவிடும்.

ஹோஸ் சரியாக இருந்தும் ஓ.இ. வந்தால் முன்பக்கம் கீழே இருக்கிற மூடியைத் திறக்கலாம். அதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி, சுடுதண்ணீர் ஆறும்வரை பொறுத்து, கீழே ஒரு தட்டையும் வைத்துவிடுவது நல்லது. ஊக்கு, சட்டை பட்டன், ஒரு ரூபாய்க் காசு... சில வீடுகளில் விசிட்டிங் சார்ஜில் கொஞ்சம் உள்ளேயே தேறும்.

இவ்வளவுக்கும் யார் மேல் கோபப்படுவது? முதலில் ஷோரூம். ஈ.எம்.ஐ. எத்தனை மாதம், ஸ்டாண்ட் வேண்டுமா, பவுடர் வேண்டுமா, எக்ஸ்டெண்டட் வாரண்டி வேண்டுமா என்று அத்தனையும் கேட்கிறவர்கள், "எத்தனாவது மாடி சார், மேலே டேங்க் எவ்வளவு உயரம்?" என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்டால் மேல் வீட்டுக்காரருக்குப் பக்கெட்டில் மொண்டு ஊற்றினாலும் துவைக்கிற செமி ஆட்டோமேட்டிக்கைக் காட்ட வேண்டியிருக்கும். அதில் விலை பாதிகூட வராதே!

அவர்களை விடப் பெரிய குற்றவாளி பில்டர். வரைபடத்தில் வாஷிங் மெஷினுக்கு என்று அழகாக ஒரு சதுரம் போடுகிறார். அந்தச் சதுரத்தில் குழாய் இருக்கும், பிளக் பாயின்ட் இருக்கும், கழிவு ஹோஸைச் செருக இரண்டடி உயரத்தில் ஒரு பைப் மட்டும் இருக்காது. வாடகைக்கு இருப்பவர் பாடு இன்னும் கஷ்டம். பூஸ்டர் பம்ப் போடலாமா என்று கேட்டால், "உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க ஒண்ணும் சொல்லலையே" என்பார் ஓனர். முன்னாடி இருந்தவர்கள் கையால் துவைத்திருப்பார்கள். கட்டும்போதே டேங்க் மேடையை இன்னும் 5 அடி தூக்கியிருந்தால் மேல் வீட்டுக்கு 0.15 பார் கூடக் கிடைத்திருக்கும். கொஞ்சம் செங்கல், கொஞ்சம் சிமென்ட், கொத்தனாருக்கு இன்னும் ஓரிரு நாள் கூலி.