பதினோராம் எண் கூண்டு

சென்ற வாரம் சிநேகிதி ஒருத்தியோடு ராமேசுவரம் போயிருந்தேன். அவள் ஒரு கம்பெனியின் டைரக்டர். பங்குச் சந்தையில் இடம் பெற்ற கம்பெனிகளின் போர்டில் ஒரு பெண்ணாவது இருக்கவேண்டும் என்கிறதல்லவா 2013-ஆம் ஆண்டுச் சட்டம்? ஒப்புக்கு வந்து உட்கார்ந்தவள் என்று எண்ணிவிடாதீர்கள், கணக்கில் புலி!

"ஆனால் இந்தக் கம்ப்யூட்டர் பாதுகாப்பு என்று வந்தால்தான் தலை சுற்றுகிறதடி! அதிகாரி நாற்பது பக்கம் படிக்கிறார். 'ஃபயர்வால்' என்கிறார், 'மால்வேர்' என்கிறார். நாங்கள் தலையாட்டுகிறோம். காபி வருகிறது. கூட்டம் முடிகிறது" என்று வழியெல்லாம் புலம்பினாள்.

பாம்பனில் இறங்கினோம். துறைமுகத்துக் கம்பத்தருகே வலை பின்னிக்கொண்டிருந்த முதியவரிடம், "புயல் கூண்டு ஏற்றினால் உங்களுக்கு என்ன புரியும், பெரியவரே?" என்று கேட்டேன்.

"நம்பர் புரியும் தாயி. ஒண்ணுன்னா எங்கேயோ தூரத்திலே. பத்துன்னா நம்ம தலைக்கு மேலேயே. காத்தழுத்தமெல்லாம் ஆபீஸுக்காரங்க பாத்துக்குவாங்க. படகைக் கரையேத்தணுமா, வேண்டாமா? அதுதான் நமக்கு வேணும்" என்றார்.

சிநேகிதி என்னைப் பார்த்தாள். நாற்பது பக்கத்தில் கிடைக்காதது நாலு வார்த்தையில் கிடைத்துவிட்டது!

அந்த வரிசை பத்தோடு முடிவதில்லை. 11-ஆம் எண் ஒன்று உண்டு. எச்சரிக்கை நிலையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, வானிலை மோசமாகலாம் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பது அதன் பொருள். சேதி வரவில்லை என்பதே ஒரு சேதி! 1964 டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடியை நெருங்கிய ரயிலுக்குச் சிக்னல் கிடைக்கவில்லை. காத்துப் பார்த்த வண்டி மெல்ல நகர்ந்தது. கடல் அதை விழுங்கிவிட்டது.

கம்ப்யூட்டர் உலகிலும் இதே கதைதான். 2018 பிப்ரவரி 6-ஆம் தேதி, கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் பாங்கில், வெளிநாட்டுப் பண அனுப்புதலை அச்சிட்டுக் காட்டும் பிரிண்டர் ஓடவில்லை. மறுநாள் கணக்கை ஒத்துப் பார்த்தபோதுதான், சுமார் 20 லட்சம் டாலருக்கு மூன்று கள்ள உத்தரவுகள் போயிருந்தது தெரிந்தது. பிரிண்டரின் வாயைக் கட்டியவர்களே திருடர்கள்! அதில் 5 லட்சம் டாலரை நியூயார்க்கிலேயே மடக்கிவிட்டார்கள்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2016 பிப்ரவரியில், வங்காள தேசத்து மத்திய பாங்கிலும் இப்படித்தான் பிரிண்டர் மௌனம் சாதித்தது. சாதாரணக் கோளாறு என்று எண்ணினார்கள். பிலிப்பைன்ஸுக்குப் பறந்தது 8 கோடியே 10 லட்சம் டாலர். அதைவிட வேடிக்கை, அந்நாட்டு நிதியமைச்சர் பத்திரிகைகள் மூலம்தான் விஷயத்தை அறிந்தார். மார்ச் மாதம் கவர்னர் பதவி விலகினார்.

நம் ரிசர்வ் பாங்க் 2016 ஜூனில் பாங்குகளுக்கு இட்ட உத்தரவு, இணையப் பாதுகாப்புக் கொள்கைக்குப் போர்டின் ஒப்புதல் வேண்டும் என்றது. தாக்குதல் நடந்தால் இரண்டு முதல் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும் என்றும் சொன்னது. ஆனால் புரியாததற்கு ஒப்புதல் அளித்து என்ன பயன்?

"'பிரிண்டர் பழுது' என்று சொன்னால் மெக்கானிக்கைக் கூப்பிடுவோம். 'எவ்வளவு பணம் வெளியே போகிறது என்று இப்போது நமக்குத் தெரியவில்லை' என்று சொன்னால் நாற்காலியை விட்டே எழுந்துவிடுவோம்!" என்றாள் சிநேகிதி.

திரும்பும் வழியில் மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டாள். எந்த எண் கூண்டு ஏறியிருக்கிறது? நமக்கு நஷ்டம் எவ்வளவு வரும்? இன்று நாங்கள் என்ன முடிவு செய்யவேண்டும்? அடுத்த கூட்டத்தில் அதிகாரி இந்த மூன்றுக்கும் ஒரே பக்கத்தில் பதில் சொல்லவேண்டுமாம். நாற்பது பக்கத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாமாம்.

வீட்டுக்கு டைரக்டர்களான நமக்கும் இதில் பாடம் உண்டு. கைபேசியில் திடீரென்று சிக்னல் அற்றுப்போய் வெகுநேரம் வராவிட்டால், "டவர் கோளாறு" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். உங்கள் எண்ணை வேறொரு சிம்முக்கு மாற்றிக்கொண்டு பாங்குப் பணத்தைச் சுருட்டும் கில்லாடிகள் இருக்கிறார்கள். வேறு போனிலிருந்து கம்பெனியைக் கேளுங்கள், பாங்குக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930-ஐ அழையுங்கள்.

வீட்டில் குழந்தை சத்தம் போட்டால் நாம் கவலைப்படுவதில்லை. சத்தமே இல்லாவிட்டால்தானே ஓடிப்போய்ப் பார்க்கிறோம்?