ஆபீசுக்கு ரோலர் கோஸ்டரில் போன குமாஸ்தா! நினைவில் நிற்பது விளம்பரம், மறந்துபோவது வட்டி!

காலை நேரம். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. பஸ்சில் கால் வைக்க இடம் இல்லை. ரெயிலில் மூச்சு விட இடம் இல்லை.

ஆனால் ஒரு ஆசாமிக்கு மட்டும் அந்தக் கவலையே கிடையாது. அவர் ரோலர் கோஸ்டரில் ஏறி உட்கார்ந்தார். 'விர்' என்று கிளம்பியது. வானத்தை முட்டும் கட்டிடங்களுக்கு நடுவே ஏறியது, இறங்கியது, வளைந்தது. நியூயார்க் நகரத்தையே ஒரு சுற்று காட்டிவிட்டு, அவரை ஆபீசில் கொண்டுபோய் விட்டது!

இது நிஜம் அல்ல. 2010-ம் ஆண்டில் இங்கிலாந்து டெலிவிஷனில் வந்த விளம்பரம். கொடுத்தது பார்க்லேஸ் பாங்கியின் 'பார்க்லேகார்டு'. இங்கிலாந்தில் முதன்முதலாக, 1966-ல் கடன் அட்டை கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான்.

ஜட்டியோடு சறுக்கினார்!

இதற்கு 2 வருடம் முன்பு, 2008-ல், இதே கார்டுக்கு இன்னொரு விளம்பரம் வந்தது. ஆபீஸ் வேலை முடிந்ததும் ஒருவர் சட்டை, பேண்டைக் கழற்றுகிறார். ஜட்டியோடு தண்ணீர்ச் சறுக்கில் உட்காருகிறார். ஊர் முழுக்க வளைந்து வளைந்து சறுக்கி வீடு போய்ச் சேருகிறார்.

அதில் ஒலித்தது பெல்லாமி பிரதர்ஸ் பாடிய பழைய பாட்டு. விளம்பரம் பிரபலம் ஆனதும், அந்தப் பாட்டு மறுபடியும் விற்பனைப் பட்டியலில் ஏறியது. 2009-ல் அந்தச் சறுக்கை வைத்து செல்போனில் விளையாட இலவச விளையாட்டும் விட்டார்கள். லட்சக்கணக்கானவர்கள் விளையாடினார்கள். விளம்பரத்தைக் காசு கொடுத்துக் காட்டுவது போய், ஜனங்களே தேடிப் போய்ப் பார்த்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான். சும்மா சொல்லக்கூடாது!

விஷயம் என்ன? கார்டைத் தேய்க்க வேண்டாம். ரகசிய எண் அழுத்த வேண்டாம். மிஷினில் தொட்டால் போதும், பணம் போய்விடும். வாழ்க்கை சறுக்குமரம் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும். இதுதான் சேதி.

ரத்தக் காட்டேரி

விளம்பரத் தொழிலில் ஒரு பயம் உண்டு. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ரத்தக் காட்டேரி'. விளம்பரத்தில் வரும் வேடிக்கை, சரக்கின் பெயரை உறிஞ்சிக் குடித்துவிடும். பார்த்தவர் "அடேயப்பா, என்ன விளம்பரம்!" என்பார். "எந்தக் கம்பெனி?" என்று கேட்டால் தலையைச் சொறிவார்.

பார்க்லேகார்டு இந்தக் காட்டேரியிடம் அகப்படாமல் தப்பியது. காரணம், வேடிக்கை வேறு சரக்கு வேறு என்று அவர்கள் பிரிக்கவில்லை. வேகம்தான் வேடிக்கை. வேகம்தான் சரக்கும்!

எல்லோருக்கும் இந்த வித்தை கைகொடுத்துவிடாது. அமெரிக்காவில் நடந்த கதையைப் பாருங்கள்.

ஆட்டம் போட்ட கிழவர்

'சிக்ஸ் பிளாக்ஸ்' என்பது அமெரிக்காவில் பல ஊர்களில் பொழுதுபோக்குப் பூங்கா நடத்தும் கம்பெனி. ரோலர் கோஸ்டர்தான் அவர்களுடைய மூலதனம். 2004-ல் டெலிவிஷனில் ஒரு கிழவரை இறக்கிவிட்டார்கள். வழுக்கைத் தலை. தடித்த கண்ணாடி. கறுப்புக் கோட்டு. தள்ளாடித் தள்ளாடி பஸ்சை விட்டு இறங்குவார். பாட்டு போட்டதும் பேய் பிடித்தவர் போல ஆடுவார்! அவருக்குப் பெயர் 'மிஸ்டர் சிக்ஸ்'.

நாடே அவரைப் பற்றிப் பேசியது. "யார் அந்தக் கிழவர்?" என்று கேட்டது. கம்பெனி வாயைத் திறக்கவில்லை. அந்த மர்மமே இன்னொரு விளம்பரம் ஆகிவிட்டது.

2005-ல் அதே கம்பெனி நியூஜெர்சியில் 'கிங்டா கா' என்ற ரோலர் கோஸ்டரைத் திறந்தது. உயரம் 456 அடி. வேகம் மணிக்கு 128 மைல். அன்றைக்கு உலகத்திலேயே உயரமானது அதுதான்.

கிழவர் இருந்தார். பாட்டு இருந்தது. ஆகாயத்தை முட்டும் தண்டவாளமும் இருந்தது. முடிவு என்ன?

2009 ஜூன் மாதம் கம்பெனி திவால் மனு கொடுத்தது! கடன் மட்டும் சுமார் 240 கோடி டாலர். மறுவருடம்தான் அதிலிருந்து மீண்டு வந்தது. 'கிங்டா கா' 2024-ல் மூடப்பட்டது. 2025 பிப்ரவரியில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது.

கிழவர் ஆடிய ஆட்டத்தில் குறை இல்லை. பெயரை எல்லோர் மனதிலும் பதிய வைத்தார். ஆனால் பெயர் பதிவது வேறு, கணக்கு நேராவது வேறு. கடன் கழுத்தை நெரிக்கும்போது எந்த ஆட்டமும் காப்பாற்றாது. கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், மாதச் சம்பளக்காரனுக்கு?

சங்கிலி ஏற்றும்!

ரோலர் கோஸ்டர் ஓடும் விதம் பலருக்குத் தெரியாது. வழக்கமான ரோலர் கோஸ்டர் பெட்டியில் என்ஜின் கிடையாது. முதல் மேட்டின் உச்சிக்குச் சங்கிலி இழுத்துக்கொண்டு போகும். அதற்குமேல் இழுப்பவன் யாரும் இல்லை. பூமி இழுக்கிற இழுப்பில் தானே ஓடும். அடுத்து வரும் மேடுகள் எல்லாம் முதல் மேட்டைவிடத் தாழ்வாகத்தான் இருக்கும். கடைசியில் கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்கும்.

கடன் அட்டையும் இதே சங்கதிதான். முதல் மேட்டுக்குப் பாங்கி ஏற்றிவிடும். இறக்கத்தில் ஜாலியாக இருக்கும். மாதக் கடைசியில் பில் வரும்போது, கிளம்பிய இடத்திலேயே நிற்பது தெரியும். பாக்கெட்டில்தான் காசு இருக்காது!

விளம்பரத்தில் ஆபீஸ் ஆசாமி பறக்கிறார். பில் வந்து சேரும் நாளை மட்டும் அதில் காட்டவில்லை. காட்டினால் யார் பார்ப்பார்கள்?

ரூபாய் நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கும். "இது தேவையா?" என்று மனசு கேட்கும். தொட்டதும் பணம் போகிற கார்டில் அந்தத் தயக்கத்துக்கு நேரமே இல்லை. பாங்கி விற்பது வேகம் என்றால், வாங்குபவர் இழப்பது யோசிக்கும் அந்த ஒரு நிமிஷம்.

10 பவுண்டு 100 ஆனது

இங்கிலாந்தில் 2007-ல் இந்தக் கார்டு வந்தபோது, ரகசிய எண் இல்லாமல் ஒரு தடவைக்கு 10 பவுண்டு வரைதான் செலவழிக்கலாம். 2010-ல் அது 15 ஆனது. 2012-ல் 20. 2015-ல் 30. கொரோனா பரவிய 2020-ல் 45. 2021 அக்டோபரில் 100! 14 வருடத்தில் 10 மடங்கு ஏற்றம்.

கடைக்காரர் கதை தனி. ஒவ்வொரு தடவை கார்டு தொடும்போதும், கடைக்காரர் பாங்கிக்கு ஒரு கட்டணம் அழவேண்டும். 2018 ஜனவரி முதல் அங்கே அதை வாடிக்கையாளர் தலையில் கட்டவும் முடியாது. சட்டம் தடுக்கிறது. வாடிக்கையாளரைப் பொறுத்தவரை அது நியாயமான சட்டம்தான். ஆனால் விளம்பரத்தில் இந்தக் கடைக்காரருக்கும் இடம் இல்லை.

இங்கேயும் அதே கார்டு

இந்தியாவிலும் அதே கார்டு வந்துவிட்டது. ரகசிய எண் இல்லாமல் தொட்டுச் செலுத்தும் தொகை 2,000 ரூபாயாக இருந்தது. 2021 ஜனவரி 1 முதல் ரிசர்வ் பாங்கி அதை 5,000 ரூபாயாக உயர்த்தியது. கடன் அட்டையில் பாக்கி வைத்தால், பல பாங்கிகள் மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி போடுகின்றன. வருடக் கணக்கில் 36-ஐத் தாண்டும். கந்துவட்டிக்காரனைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், பளபளக்கும் கார்டைப் பார்த்துப் பயப்படுவது இல்லை!

விளம்பரக்காரர்களைத் திட்டிப் பயன் இல்லை. ஜனங்களைச் சிரிக்க வைப்பதும், பெயரை மறக்காமல் செய்வதும் அவர்கள் தொழில். கார்டும் கெட்டது அல்ல. கூட்ட நேரத்தில் அவசரத்துக்கு உதவும். மாதாமாதம் முழுப் பாக்கியையும் கட்டுகிறவருக்கு வட்டித் தொல்லை இல்லை.

ஆனால் சாமானியர்கள் 3 கேள்வி கேட்கப் பழகவேண்டும். விளம்பரம் விற்பது என்ன? அதன் முழு விலை என்ன? காட்டாமல் விட்டது என்ன?

இன்னொன்று. தொட்டால் பணம் போகும் வசதி வேண்டாம் என்றால், கார்டு வைத்திருப்பவரே அதை நிறுத்தி வைக்கலாம். எவ்வளவு வரை போகலாம் என்று வரம்பும் போடலாம். 2020 முதல் ரிசர்வ் பாங்கி விதியே இருக்கிறது. இதற்குத்தான் யாரும் ரோலர் கோஸ்டர் வைத்து விளம்பரம் செய்வது இல்லை!

ரோலர் கோஸ்டரில் ஏறுகிறவரை, இடுப்பில் கம்பி பூட்டிய பிறகுதான் அனுப்புவார்கள். கடன் அட்டையில் ஏறுகிறவருக்கு அந்தக் கம்பியைப் பூட்டிவிட ஆள் கிடையாது. அவரேதான் பூட்டிக்கொள்ள வேண்டும்.