செல்பேசியைப் பறித்த தகப்பனுக்கு



சென்ற வாரம் வெள்ளக்கடையில் வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்தபின் ஒரு தகப்பன் என்னைத் தனியே அழைத்தார். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் விண்வெளித் தொடர்களைப் பார்த்துப் பார்த்து, விண்வெளிப் பொறியியல்தான் படிப்பேன் என்கிறாளாம். செல்பேசியைப் பறித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். "இந்தக் கட்டுக்கதைகளுக்கு விரோதமாக ஒரு பிரசங்கம் பண்ணுங்கள், ஐயா" என்றார். பண்ண மாட்டேன் என்றேன். காரணத்தை, அவருடைய சம்மதத்துடன், எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

கதையால் மனிதன் மாறுவதில்லை என்று நான் வாதாடவில்லை. மாறுகிறான். தாவீது ராஜாவுக்குத் தன் பாவத்தை உணர்த்த நாத்தான் தீர்க்கதரிசி கற்பலகைகளைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஏழை ஒருவனின் ஆட்டுக்குட்டியைப் பற்றிய கதையோடு போனார். நம் ஆண்டவரும் உவமைகளாலேயே போதித்தார். ஆகவே கதையை விலக்குவது நம் வேலையன்று. அது பிள்ளையை எங்கே அழைத்துப் போகிறது என்று பார்ப்பதே நம் வேலை.

1966-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஸ்டார் டிரெக்' தொடங்கியது. அதில் விண்கலத்தின் தகவல்தொடர்பு அதிகாரியாக நடித்தவர் நிச்செல் நிக்கோல்ஸ் என்னும் கறுப்பினப் பெண். முதல் பருவம் முடிந்தபோது விலகிவிட நினைத்தார். அவரைத் தடுத்தவர் மார்ட்டின் லூதர் கிங். தம் வீட்டில் பிள்ளைகள் விழித்திருந்து பார்க்க அனுமதி பெற்ற தொடர் அதுவே என்று கிங் கூறியதாக நிக்கோல்ஸ் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். கிங் யார்? பாப்டிஸ்டு சபைப் போதகர். தம் இனத்துப் பெண் ஒருத்தி சமமானவளாய் அமர்ந்திருக்கும் எதிர்காலத்தைப் பிள்ளைகள் கண்ணால் காண வேண்டும் என்று அவர் விரும்பினார். அத்தொடரைப் பார்த்து வளர்ந்த சிகாகோச் சிறுமி மே ஜெமிசன், 1992 செப்டம்பரில் எண்டெவர் விண்கலத்தில் சென்று, விண்வெளியை எட்டிய முதல் கறுப்பினப் பெண் ஆனார். (இடையில் பொறியியலும் மருத்துவமும் படித்தார் என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், தொடர் பார்த்தால் மட்டும் யாரும் பறந்துவிடுவதில்லை.)

இனி, அந்தத் தகப்பனிடம் நான் கேட்ட கேள்வி: "'எந்திரன்' எத்தனை முறை பார்த்தீர்கள்?" சிரித்தார். 2010-இல் வந்த அந்தப் படத்தில், எரியும் கட்டடத்திலிருந்து சிட்டி என்னும் எந்திரம் ஒரு பெண்ணைக் காப்பாற்றி வெளியே கொண்டுவருகிறது. குளித்துக்கொண்டிருந்தவள், உடலில் ஆடையில்லை. கேமராக்கள் அவளை நோக்கித் திரும்புகின்றன. வெட்கத்தால் ஓடுகிறாள், வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். பழி எதன் மேல் விழுகிறது? மானம் இன்னதென்று அறியாத எந்திரத்தின் மேல். படம்பிடித்த மனிதர்களை யாரும் நியாயந்தீர்ப்பதில்லை. பெண்ணுக்கு உயிரைவிட மானம் பெரிது என்ற பாடத்தை நம் மகன்களும் மகள்களும் ஒரே பாயில் உட்கார்ந்து கற்றார்கள். அப்போது எந்தத் தகப்பனும் என்னிடம் பிரசங்கம் கேட்டு வரவில்லை. நானும் பண்ணவில்லை, அது என் குற்றம். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தியபோது ஆண்டவர் குனிந்து தரையில் எழுதினாரே, அந்தப் பகுதியை அன்றே எடுத்துப் பேசியிருக்க வேண்டும்.

மகனின் கண்ணுக்கு முன்னே ஓடிய அந்தக் காட்சி உங்களை உறுத்தவில்லை. மகளின் கண்ணில் தெரியும் ராக்கெட் உறுத்துகிறது. உண்மையில் உங்களை உறுத்துவது தொடர்தானா? எஸ்டேட் கூலியில் சேலத்துக் கல்லூரிக்கே அனுப்ப முடியுமா என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. அது நியாயமான பயம். வெளியூருக்கு அனுப்பினால் உறவினர் என்ன பேசுவார்கள் என்ற பயமும் இருக்கிறது, அது நியாயமானதல்ல. இரண்டையும் வெளிப்படையாகப் பேசுவோம். இரண்டுக்கும் சாத்தானின் பேரைச் சூட்டி என் பிரசங்க பீடத்துக்கு அனுப்பாதீர்கள். விண்வெளி அறிவியலுக்கென்றே ஒரு கல்வி நிறுவனம் 2007 முதல் திருவனந்தபுரத்தில் நடக்கிறது. அதற்கு நுழைவுத்தேர்வு உண்டு, அது கடினமானது. அவள் தேறாமலும் போகலாம். எழுதிப் பார்க்கட்டுமே.

வருகிற வெள்ளிக்கிழமை வெள்ளக்கடைக்கு மறுபடியும் வருகிறேன். படிப்புக் கடனைப்பற்றி அறிந்த சபையார் ஒருவரையும் கூட்டிவருவேன். பெட்டிச் சாவியை எடுத்து வையுங்கள்.