நெல்லையிலிருந்து பார்த்தால் தெரியும் இலங்கைக் கொள்கை

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்துருவம் நோக்கிக் கிளம்பும் ராக்கெட் நேரே போக முடியாது. குறுக்கே இலங்கை இருக்கிறது. தீவைச் சுற்றி வளைந்து போனால் எரிபொருள் கூடுதலாகும். சிறிய ராக்கெட்டுகளுக்கு அது கட்டுப்படியாகாது. அதனால்தான் தசராவுக்குப் பேர்போன குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோ இன்னொரு ஏவுதளம் கட்டுகிறது. 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டியாயிற்று. அங்கிருந்து மேற்கே வந்தால் விஜயநாராயணம். நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படை நிலையம் 1990 முதல் அங்கே இயங்குகிறது.

சென்னை மேடைகளில் இலங்கை என்றால் தொப்புள்கொடி உறவு. டெல்லிக்கு அது முதலில் ஒரு வரைபடம். அந்தத் தீவில் வேறொரு வல்லரசு கால் ஊன்றிவிடக் கூடாது என்ற கவலை எந்தப் பிரதமர் வந்தாலும் மாறியதில்லை.

1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் நம்மவர்கள் பேசுவதெல்லாம் மாகாண சபைகளைப் பற்றித்தான். அதோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களைப் படித்தால் டெல்லியின் மனது புரியும். திருகோணமலையையோ வேறு எந்தத் துறைமுகத்தையோ இந்திய நலனுக்கு விரோதமாக அந்நிய ராணுவம் பயன்படுத்த விடக் கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை. அன்று சந்தேகம் அமெரிக்கா மீது. 2022 ஆகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 கண்காணிப்புக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தபோது டெல்லி பதறியதும் அதே கவலையால்தான். 2025 ஏப்ரலில் கொழும்பில் மோடி முன்னிலையில் பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்பாடு கையெழுத்தானது. எதிரே இருந்தவர் இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக்க. 1987 ஒப்பந்தத்தை எதிர்த்து ரத்தக்களறி நடத்திய ஜே.வி.பி.யின் தலைவர் அவர்! கட்சிகள் மாறும், கடல் மாறாது என்பதை இரண்டு தலைநகரங்களும் தெரிந்துவைத்திருக்கின்றன.

மாறியது கருவிதான். 1987 ஜூனில் விமானத்திலிருந்து யாழ்ப்பாணத்தில் உணவுப் பொட்டலங்களைப் போட்டார்கள். அடுத்த மாதமே அமைதிப்படை போனது. ஏறத்தாழ 1,200 வீரர்களைப் பலிகொடுத்து 1990 மார்ச்சில் திரும்பி வந்தது. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் 2012, 2013இல் இலங்கை மீதான தீர்மானத்தை ஆதரித்த இந்தியா, 2014இல் வாக்களிக்காமல் ஒதுங்கியது. 2021, 2022இலும் அப்படியே. 2022இல் கொழும்பில் பெட்ரோலும் மருந்தும் இல்லாமல் மக்கள் தெருவுக்கு வந்தபோது சுமார் 400 கோடி டாலர் உதவி போனது. துப்பாக்கி சாதிக்காததைக் கடனும் டீசலும் சாதித்தன. அண்மைக் காலத்தில் டெல்லி செய்த உருப்படியான காரியம் அது, தாராளமாகப் பாராட்டலாம். ஆனால் 1987 ஒப்பந்தம் தந்த மாகாண சபைகளில், வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தது 2018இல். அதன் பிறகு தேர்தலே நடக்கவில்லை. அதற்கு மட்டும் டெல்லியிடம் கண்டிப்பு இல்லை, வேண்டுகோள்தான்.

இந்தக் கணக்குகளில் மனிதர்கள் எங்கே வருகிறார்கள்? ஒரு காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகளைத் தூத்துக்குடி அருகே தட்டப்பாறை முகாமில் நிறுத்திச் சோதித்துக் கப்பலேற்றினார்கள். சுதந்திர இலங்கை அவர்களுடைய குடியுரிமையைப் பறித்தது. அந்த நாட்டில் வாழ்பவர்கள் அந்த நாட்டின் பொறுப்பு என்று நேரு உறுதியாக இருந்தார். அவர் மறைந்த ஐந்தாம் மாதம், 1964 அக்டோபர் 30இல், இரு நாட்டுப் பிரதமர்களின் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தம் வந்தது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை, பந்தியில் மிஞ்சிய பலகாரத்தைப் பங்கு போடுவதுபோல, 1974இல் இந்திரா காந்தி ஆளுக்குப் பாதி என்று முடித்துவைத்தார். யாருக்கு எங்கே இருக்க விருப்பம் என்று கேட்பதற்கு முன்பே எண்ணிக்கை தீர்மானமாகிவிட்டது. பிறகு மனு வாங்கியபோது இந்தியாவைக் கேட்டவர்களைவிட இலங்கையைக் கேட்டவர்களே அதிகம்.

கோரைப் பாய்க்குப் பேர்போன பத்தமடையை அடுத்து கோபாலசமுத்திரம். அங்கே, பின்னாளில் போருக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழர்களின் முகாம் ஒன்று இருக்கிறது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 2021இல் மாநில அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. உதவித்தொகையையும் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாயாக உயர்த்தியது. ஆனால் தலையெண்ணிக் கணக்கெடுப்பது நிற்கவில்லை. 1987 ஜூலை 1 அல்லது அதற்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால், பிறப்பால் குடியுரிமை கிடையாது. முகாமில் பிறந்து, இங்கேயே படித்து, பெயின்ட் அடிக்கப் போகிற இளைஞர் சட்டப்படி அந்நியர். தமிழ்நாட்டு முகாம்களில் கணிசமானவர்கள் மலையக வம்சாவளி. அதாவது, இந்த மண்ணிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள்.

2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இப்படிப்பட்டவர்களின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருந்தன, இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாமல் தங்கியதற்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்தது. சிறைக்குப் போக வேண்டியதில்லை, வாக்களிக்கவும் முடியாது.

முகாம்களில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கக் கொழும்பின் சம்மதம் வேண்டியதில்லை, பெய்ஜிங் கோபித்துக்கொள்ளப் போவதுமில்லை. நெல்லை, தூத்துக்குடி நாடாளுமன்ற உறுப்பினர்கள் வரும் கூட்டத்தொடரிலேயே இதற்கொரு சட்டத் திருத்தம் கேட்க வேண்டும்.