சடுகுடு ஏலமும் கலாசாலை வாலிபர்களும்

திருச்செங்கோட்டில் மஞ்சள் ஏலம் நடக்கும் விதம் கொங்கு நாட்டு நேயர்களுக்குத் தெரிந்ததே. கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் மூட்டைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு ஒரு விலை, பனங்காலிக்கு ஒரு விலை. வியாபாரி ஒரு விரலியை எடுத்து ஒடித்துப் பார்ப்பார். நிறம் எப்படி, ஈரம் வற்றியிருக்கிறதா, வண்டு துளைத்திருக்கிறதா என்பதைக் கண நேரத்தில் நிச்சயம் செய்துவிட்டு விலையைச் சொல்லுவார். மஞ்சளை ஒடித்துப் பார்க்கலாம். மனிதனை அப்படிப் பார்ப்பதற்கில்லை. ஆயினும் மனிதர்களையும் ஏலத்தில் எடுக்கும் காலம் வந்துவிட்டது.

நாம் சொல்வது சடுகுடு ஆட்டக்காரர்களைப் பற்றி. இப்போது கபடி என்ற பெயரால் தேசமெங்கும் வழங்கும் நமது சடுகுடுவுக்கு, 2014-ஆம் ஆண்டில் 'புரோ கபடி லீக்' என்னும் தொழில்முறைப் பந்தயம் ஏற்பட்டது. 2017-ல் 'தமிழ் தலைவாஸ்' என்ற பெயருடன் நமது மாகாணத்துக்கும் ஓர் அணி கிடைத்தது. அணிகள் தங்களுக்கு வேண்டிய ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுக்கின்றன. 2023, 2024 ஏலங்களில் முதல் வகுப்பைச் சேர்ந்தவர்களுக்கு ஆரம்ப விலை 30 லட்சம் ரூபாய். கடைசி வகுப்பாருக்கு 9 லட்சம். ஏலத்துக்கு வெளியே, 'புதிய இளம் வீரர்கள்' என்ற தனி வகுப்பிலும் வாலிபர்களைச் சேர்த்துக் கொள்கிறார்கள்.

இதில் கலாசாலை மாணவர்களுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 2022-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரில் 'கேலோ இந்தியா' சர்வகலாசாலைப் பந்தயங்கள் நடந்தன. அவற்றில் கபடியில் முதலிரண்டு இடங்களைப் பெற்ற அணிகளின் 24 ஆட்டக்காரர்கள், அந்த ஆகஸ்டு மாதத்தில் நடந்த லீக் ஏலத்தின் ஜாபிதாவில் சேர்த்துக் கொள்ளப்பட்டார்கள். அதாவது, மாவட்டக் கலாசாலை ஒன்றின் மைதானத்திலிருந்து லட்ச ரூபாய் ஏலத்துக்கு நேர் வழி ஒன்று திறந்தது. கலாசாலைகள் நிறைந்துவிட்ட திருச்செங்கோட்டுப் பக்கத்திலே இந்த வழியைப் பற்றி ஆசைப்படும் வாலிபர்கள் பலர் இருப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை. சேலம் ஜில்லாவைச் சேர்ந்த பிரபஞ்சன் அந்த லீக்கில் பெயர் வாங்கியதை அவர்கள் அறிவார்கள். ஆகவே, ஒரு கலாசாலை ஆட்டக்காரனின் தரத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பது ஏல முதலாளிகளுடைய கவலை மாத்திரமன்று. பையனுக்கும் பெற்றோருக்கும் உரிய கவலையே ஆகும்.

இந்த வித்தையில் அமெரிக்கர்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. அங்கே கூடைப்பந்து லீக்கில் 1947 முதல் ஆண்டுதோறும் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுத்து வருகிறார்கள். அது பணத்தைக் கூவும் ஏலம் அன்று. முன் ஆண்டில் தோற்றுப் பின்தங்கிய அணிகளுக்கு முன்னதாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் கிடைக்கும்படி செய்த ஏற்பாடு. பையனின் உயரம், கை நீளம், எம்பிக் குதிக்கும் அளவு எல்லாவற்றையும் அளந்து, கலாசாலையில் அவன் ஆடிய ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் படத்தில் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

இவ்வளவும் செய்து கண்ட பலன் என்ன? 1984-ல் மைக்கேல் ஜோர்டானுக்கு முன்பாக இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2014-ல் நிக்கோலா யோகிச் என்னும் செர்பிய வாலிபரை 41-வது ஆளாகத்தான் எடுத்தார்கள். அவர் பிற்பாடு மூன்று முறை அந்த லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டம் பெற்றார். நமது பஞ்சாபைச் சேர்ந்த சத்னம் சிங் 7 அடிக்கு மேற்பட்ட உயரமுடையவர். 2015-ல் 52-வது ஆளாகத் தேர்வு பெற்று, அந்தத் தேர்வில் இடம் பெற்ற முதல் இந்தியர் என்ற கீர்த்தியை அடைந்தார். தேசமே மகிழ்ந்தது. ஆனால் அந்த லீக்கின் ஒரு பந்தயத்திலாவது ஆடும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை. உயரத்தை அளக்கக் கோல் இருக்கிறது. ஆட்டத்தை அளக்கும் கோலை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அமெரிக்கா வரையில் போவானேன்? நமது தமிழ் தலைவாஸின் கதையையே எடுத்துக் கொள்வோம். 2022 ஏலத்தில் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கொடுத்து எடுத்தார்கள். லீக் அதுவரை கண்டிராத விலை. முதல் பந்தயத்திலேயே அவருடைய முழங்காலில் காயம் ஏற்பட்டு, அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆட முடியாமற் போயிற்று. பவன் மகா சமர்த்தர். காயம் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஆனால் அதே அணியில், இளம் வீரர் வகுப்பில் சேர்ந்த நரேந்தர் என்ற புதுமுகம் அந்தப் பருவத்தில் பாடிச் சென்று 243 புள்ளிகள் எடுத்தார். அணியும் முதல் தடவையாக அரை இறுதிப் பந்தயம் வரையில் சென்றது. விலைக்கும் பலனுக்கும் உள்ள உறவு இவ்வளவுதான்.

அப்படியானால் தேர்வு என்பதெல்லாம் வெறும் சூதாட்டமா? அல்ல என்பதே நமது அபிப்பிராயம். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குத் திருச்செங்கோடு பாரதம் முழுவதிலும் பெயர் பெற்றது. மேலே புல் பச்சையாயிருப்பதைப் பார்த்து ஐந்நூறு அடியில் தண்ணீர் இருக்கிறதென்று அந்தத் தொழிலாளிகள் சொல்லமாட்டார்கள். அவர்கள் பாறையைப் பார்ப்பார்கள். பக்கத்துக் கிணற்றைப் பார்ப்பார்கள். கலாசாலைப் பையனைப் பார்ப்பதற்கும் இத்தகைய சில அடையாளங்கள் உண்டு.

முதலாவது, எத்தனை புள்ளி எடுத்தான் என்று கேட்பதோடு, எத்தனை தடவை பாடிச் சென்று எடுத்தான் என்றும் கேட்க வேண்டும். ஒருவன் 30 தடவை பாடிச் சென்று 12 புள்ளி எடுத்து, 9 தடவை பிடிபட்டான் என்று வைத்துக் கொள்வோம். மற்றொருவன் 14 தடவை சென்று 8 புள்ளி எடுத்து, இரண்டே தடவை பிடிபட்டான். மறுநாள் பத்திரிகையில் முதல்வனுடைய பெயர்தான் வரும். ஆனால் அவன் பிடிபட்ட ஒவ்வொரு தடவையும் எதிரிக்கு ஒரு புள்ளியாவது போயிருக்கிறது. கழித்துப் பார்த்தால் அவன் தன் கட்சிக்குச் சேர்த்தது மூன்று. இரண்டாமவன் சேர்த்தது ஆறு.

இரண்டாவது, அந்தப் புள்ளிகள் எத்தகையவை? எதிரில் ஆறு பேருக்குக் குறையாமல் நிற்கும்போது போனஸ் கோட்டைக் கால் தாண்டினால் ஒரு புள்ளி உண்டு. இதிலேயே பிழைப்பு நடத்தும் சாமர்த்தியசாலிகள் இருக்கிறார்கள். எதிரில் ஆட்கள் குறைந்ததும் இவர்களுடைய சரக்குத் தீர்ந்துவிடும். தொழில்முறைப் பந்தயத்தில் ஒரு கட்சி அடுத்தடுத்து இரண்டு தடவை புள்ளியின்றித் திரும்பினால், மூன்றாந் தடவை செல்பவன் புள்ளியுடன் வர வேண்டும். இல்லாவிட்டால் அவனே வெளியேற வேண்டும். முப்பது விநாடிக்குள் தீர வேண்டிய அந்தச் சோதனையில் பையன் என்ன செய்கிறான் என்பதே பார்க்க வேண்டிய இடம்.

மூன்றாவது, பிடிப்பவனுடைய பொறுமை. பாடி வருபவனுக்குக் கைதட்டல் கிடைக்கும். மூலையில் நிற்பவனுக்குக் கிடைப்பது அபூர்வம். கணுக்காலைப் பிடிக்க அவசரப்பட்டுப் பாய்கிறவன் பத்துத் தடவையில் மூன்று தடவை அற்புதம் செய்வான். ஏழு தடவை தன் கட்சியைக் கவிழ்ப்பான். பக்கத்தில் நிற்பவனுடைய கையை விடாமல், எதிரி ஓர் அடி அதிகமாக உள்ளே வைக்கும் வரையில் காத்திருப்பவன்தான் நிலைத்து நிற்பவன். இந்தப் பொறுமைக்கு வயது கூடத் தடையாவதில்லை. தஞ்சை ஜில்லாவின் தர்மராஜ் சேரலாதன், 40 வயதைக் கடந்த பின்னர், 2016-ல் பாட்னா அணிக்குத் தலைமை வகித்துக் கோப்பையை வென்றார் அல்லவா?

நான்காவது, ஆடிய இடமும் எதிராளியும். நமது கிராமங்களில் மின்னொளிப் பந்தயங்கள் இரவு முழுவதும் நடக்கின்றன. மண் தரையில் வழுக்கும் கால் வேறு; செயற்கை விரிப்பில் பற்றிக் கொள்ளும் கால் வேறு. மண்ணில் புரண்டு தப்பிக்கிறவன் விரிப்பிலே முழங்காலைத் திருகிக் கொள்ளக்கூடும். அக்கம்பக்கத்துக் கலாசாலையை வென்றதற்கும், வடநாட்டுச் சர்வகலாசாலை ஒன்றை எதிர்த்துத் தோல்வியுற்ற ஆட்டத்தில் ஐந்து புள்ளி எடுத்ததற்கும் உள்ள பேதத்தைத் தேர்வாளர்கள் அறிய வேண்டும். பின்னதே பெரிது என்று நாம் சொல்லுவோம்.

இவற்றையெல்லாம் அறிவதற்கு ஒரு கருவி போதும். அது நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு கலாசாலையும் தன் அணியின் ஒவ்வொரு பந்தயத்துக்கும் கணக்கு எழுதி வைக்கட்டும். யார், எத்தனை தடவை, எதிரில் எத்தனை பேர் இருக்கையில், என்ன பலன் என்று நான்கு பத்தி போட்டு எழுதினால் போதும். மூன்று ஆண்டுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் பையன், யாருடைய சிபாரிசையும் எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அந்த நோட்டுப் புத்தகமே பெரிய மனிதருடைய கடிதத்துக்குச் சமானம்.

இனி, பையனுடைய பக்கத்திலிருந்தும் சில வார்த்தைகள். 9 லட்சம் ரூபாய் என்றால், விசைத்தறிக் கூலியிலும் ரிக் வண்டிச் சம்பளத்திலும் வாழும் குடும்பத்துக்கு அது மலை போலத் தோன்றும். கடன் அடையும்; வீட்டுக்குக் காரை போடலாம். அதைக் கண்டு ஆசைப்படுவது குற்றமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அது ஆயுள் முழுவதற்கும் வரும் பணம் அன்று. அடுத்த ஏலத்தில் கை தூக்க ஆளில்லாமலும் போகலாம். முழங்கால் நாண் ஒரு தடவை அறுந்தால் ஏறக்குறைய ஓர் ஆண்டு வீட்டோடு கிடக்க நேரும். ஆகவே, பட்டப் படிப்பை நடுவில் விட்டுவிட்டு ஏலத்தை நம்பி ஓடுவதை நாம் ஆதரிப்பதற்கில்லை. விளையாட்டுக்காரர்களுக்குத் தமிழ்நாட்டு அரசாங்க உத்தியோகங்களில் 3 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள். ரயில்வேயிலும் போலீஸிலும் இடமுண்டு. அங்கெல்லாம் பந்தயச் சான்றுடன் படிப்புச் சான்றையும் கேட்பார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், காயம் பட்டால் வைத்தியச் செலவு யாருடையது என்ற ஒரு கேள்வியையாவது பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம்.

'சடுகுடு நமது ஆட்டம், நம்மை யார் வெல்ல முடியும்?' என்று இறுமாந்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியிலிருந்து சென்ற குழு இந்த ஆட்டத்தை ஆடிக் காட்டிற்று. 1990-ல் ஆசியப் பந்தயங்களில் இது இடம் பெற்றது முதல் தங்கம் நம்முடையதாகவே இருந்து வந்தது. 2018-ல் ஈரானியர் நமது ஆண்களையும் பெண்களையும் ஒருங்கே தோற்கடித்தார்கள். 2023-ல் ஹாங்சோவில் இரண்டு தங்கத்தையும் நாம் மீட்டுக் கொண்டோம் என்பது உண்மை. ஆனால் 2025 ஏலத்தில் எல்லாரிலும் அதிக விலைக்குப் போனவர் ஷாத்லூயி என்ற ஈரானியர்தாம். விலை 2 கோடியே 23 லட்சம். கற்றுக் கொடுத்தவனை மிஞ்சும் மாணாக்கனைக் குறை சொல்லிப் பயனில்லை. நமது பிள்ளைகளைச் சரியாகப் பொறுக்கிப் பயிற்றுவதே அதற்கு மறுமொழி.

பிள்ளைகள் என்று சொல்லும்போது பெண்களையும் சேர்த்தே சொல்லுகிறோம். ஹாங்சோவில் நமது பெண்கள் சீனத் தைபேயை 26-க்கு 25 என்ற ஒரே புள்ளியில் வென்றார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் பந்தயங்களில் தங்கம் வென்ற பெண்கள் அணிக்கு உதவித் தலைவி, சென்னைக் கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா. இவர்களுக்கு எந்த ஏலம் இருக்கிறது? லீக்கின் ஆதரவில் 2016-ல் மூன்று பெண்கள் அணிகளை வைத்து ஒரு சிறு பந்தயம் நடத்திப் பார்த்தார்கள். மறு ஆண்டு அது தொடரவில்லை. தம்பிக்கு ஆரம்ப விலை 9 லட்சம். அதே மைதானத்தில், அதே முப்பது விநாடி மூச்சடக்கிப் பாடிய தமக்கைக்கு ஒரு கேடயமும் ஒரு பொன்னாடையும். இது நியாயமா?

திருச்செங்கோட்டு மலைமேல் எழுந்தருளியிருக்கும் தெய்வம் பாதி ஆணும் பாதி பெண்ணுமான அர்த்தநாரீசுவரர். அடிவாரத்தைச் சுற்றிலும் பெண்களுக்கென்றே பெரிய கலாசாலைகள் இருக்கின்றன. தேர்வாளர்கள் இந்தப் பக்கம் வரும்போது, அந்தக் கலாசாலைகளின் மைதானங்களையும் எட்டிப் பார்க்கட்டும். நோட்டுப் புத்தகக் கணக்கை அங்கேயும் இன்றே எழுதத் தொடங்கட்டும். பெண்களுக்கு ஏலம் வருகிற நாளில், கணக்கு இல்லையே என்று யாரும் கையை விரிக்கக் கூடாது.